வலது மணிக்கட்டில் கடிகாரம்

அத்தியாயம் ஏழு

துப்பறிவாளர் தம் வாழ்நாளில் ஒரு குற்றவாளியையும் ஓடிப் பிடித்ததில்லை. நடந்து பிடித்ததும் இல்லை. அவருடைய வழக்குகளில் பாதி, குற்றவாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே வந்து ஒப்புக்கொண்டதால் முடிந்தவை. மீதிப் பாதி காணாமல் போன பூனைகள். பசித்தால் அவை வீட்டுக்கு வந்துவிடும். அலுவலகப் பலகையில் ஓவியர் வரைந்த பூதக்கண்ணாடி தூரத்திலிருந்து கரண்டி போலத் தெரிந்ததில், இதுவரை மூன்று பேர் மாடியேறி வந்து சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவர் யாரிடமும் மறைத்ததில்லை. மறைத்தும் பயனில்லை, மைத்துனி கூடவே இருந்தாள். மனைவியின் தங்கை. நாலு வருஷத்துக்கு முன்பு, ரெண்டு வாரம் ஒத்தாசையாக இருக்கிறேன் என்று அலுவலகத்துக்கு வந்தவள். அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

"அத்தான், நீங்க எவ்வளவு நேரம் முறைச்சாலும் அந்த போட்டோ பயந்துபோய் ஒப்புக்கப் போறதில்ல."

"முறைக்கல. ஆராயறேன்."

"தலைகீழா வச்சு ஆராயறீங்க."

துப்பறிவாளர் புகைப்படத்தை நிமிர்த்திப் பிடித்தார். மணி இரண்டே கால். நாலு மணிக்கு வக்கீல் வருவார். வந்தால் இந்தப் பட்டறையை நடத்தும் தம்பதியின் பத்தொன்பது வருஷத்துக் கல்யாணமும், பதினாறு வருஷத்துப் பட்டறையும் ஒரே பேனாவில் இரண்டாகிவிடும். அதற்குள் திருடன் யார் என்று சொல்ல வேண்டும். அதுவும் ஆதாரத்தோடு.

அவர்கள் நின்றிருந்தது ஒரு நீளமான கூடத்தில். ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு நாற்பது தப்படி. ஜன்னல்களில் கறுப்புத் துணி. இந்தக் கோடியில் ஓர் இரும்பு மேடை. மேடைமேல் ஓடும் தண்டவாளத்தில் மூன்று கண்ணாடிகள், ஒவ்வொன்றும் ஒரு குட்டி வண்டியில் உட்கார்ந்திருந்தன. பெரியது சாப்பாட்டுத் தட்டு அளவு, சின்னது சட்டைப் பையில் அடங்கும். அந்தக் கோடியில் ஒரு மேஜை. அதன் இழுப்பறையிலிருந்துதான் திங்கட்கிழமை நோட்டு காணாமல் போனது. இன்றைக்கு வியாழன்.

நோட்டுக்குச் சொந்தக்காரி, இவர்களை அழைத்த பட்டறை முதலாளியம்மா. கண்ணாடிகளை வடிவமைப்பவர் அவர், மெருகு போட்டுச் செய்து கொடுப்பவர் அவருடைய கணவர். கூடத்துக்குப் பக்கத்து அறையில் கணவர் இருந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு. மூன்று நாளாக அது மூடியே கிடந்தது.

"மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் மைத்துனி. "எனக்குப் புரிஞ்சிடுச்சு. அத்தானுக்காகத்தான் கேக்கறேன்."

வடிவமைப்பாளர் சோர்ந்திருந்தார். ஆனால் கண்ணாடியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"லென்ஸ் போட்டா ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு இடத்துல போய் நிக்கும். அனல் இருக்கே, அது பாதி வகை லென்ஸைத் தாண்டவே தாண்டாது. முகம் பாக்கிற கண்ணாடிக்கு இந்த ஓரவஞ்சனை எல்லாம் கிடையாது. எந்த வெளிச்சம் வந்தாலும் ஒரே மாதிரி திருப்பி அனுப்பும். காட்டுத்தீ வருதான்னு கோபுரத்துல உக்காந்து பாக்கிறவங்களுக்கு அதுதான் வேணும். பக்கத்துலயும் பாக்கணும், தூரத்துலயும் பாக்கணும். அதனால கண்ணாடிங்க நகரணும்."

"நகந்தா?"

"முதல் கண்ணாடி ஒரு விரல் முன்னால வந்தா படம் பெருசாகும், ஆனா கலங்கிடும். கலங்காம இருக்கணும்னா ரெண்டாவது எவ்வளவு நகரணும், மூணாவது எவ்வளவு நகரணும்னு கணக்கு இருக்கு. அது நேர்க் கணக்கும் இல்ல. ஒண்ணு முன்னால வரும்போது இன்னொண்ணு பின்னால போகும், நடுவுல நின்னுடும், அப்புறம் மெதுவா திரும்பி வரும்."

"எங்க அக்காவும் அத்தானும் கோவிச்சுக்கிட்டா இதே கணக்குதான் மேடம்."

வடிவமைப்பாளர் சிரிக்கப் போய், மூடிய கதவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பதினோரு மாசக் கணக்கு அந்த நோட்டுல இருக்கு. கையால எழுதினாத்தான் எனக்கு யோசனை ஓடும். பாதிதான் கண்ணாடியை நகத்தற மோட்டாருக்கு ஏத்தியிருந்தேன். மீதி போச்சு. அதை வச்சு இன்னொரு கம்பெனி நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்."

இன்னொரு கம்பெனி என்பது சும்மா வந்த வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கணவரின் கோட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு கடிதம் இருந்தது. போட்டிக் கம்பெனி அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அவர் அதைப்பற்றி மனைவியிடம் மூச்சுக்கூட விடவில்லை. மறுநாளே நோட்டைக் காணோம்.

இத்தனைக்கும் மேலே அந்தப் புகைப்படம். திங்கட்கிழமை காலையில் கண்ணாடிகள் சோதனை ஓட்டத்தில் இருந்தன. ஒரு நிமிஷம் அகலத்திலிருந்து நெருக்கத்துக்கு, ஒரு நிமிஷம் நெருக்கத்திலிருந்து அகலத்துக்கு. பத்து விநாடிக்கு ஒரு படம் தானாகவே பதிவாகும். அதில் மிக நெருக்கமான ஒரு படத்தில் திருட்டு விழுந்திருந்தது. திறந்த இழுப்பறை. நோட்டைப் பிடித்த கை. பட்டறையில் எல்லோரும் போடும் வெள்ளைக் கோட்டின் கொஞ்சம் மார்புப் பகுதி, அதில் இரண்டு பட்டன். முகம் இல்லை. ஆனால் கடிகாரம் இருந்தது, வலது மணிக்கட்டில். பட்டறையில் வலது கையில் கடிகாரம் கட்டுகிறவர் ஒருவர்தான். கணவருக்கு இடது கைப் பழக்கம்.

"அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"இங்கதான், இந்த மேடை பக்கத்துல. கண்ணாடி ஓடற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு, குனிஞ்சு திருகாணியை முறுக்கிட்டு இருந்தேன். எங்கேயும் போகல. முட்டுக் குடுக்க ஏதாவது எடுக்கறதுக்கு ஒண்ணு ரெண்டு தடவை எழுந்திருப்பேன், அவ்வளவுதான்."

துப்பறிவாளர் தம் குறிப்பேட்டில் 'எங்கேயும் போகவில்லை' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டார். பிறகு தொண்டையைக் கனைத்தார். காலையிலிருந்து அவர் சேர்த்துவைத்திருந்த அறிவு முழுவதும் அந்தக் கனைப்பில் இருந்தது.

"மேடம். உங்க வீட்டுக்காரர் நிரபராதி."

வடிவமைப்பாளர் முகத்தில் ஒரு நொடி நம்பிக்கை எட்டிப் பார்த்தது. "எப்படிச் சொல்றீங்க?"

"இது என்ன? கண்ணாடி. கண்ணாடியில பாத்தா வலது இடதாகும், இடது வலதாகும். படத்துல கடிகாரம் வலது கையில இருந்தா, நிஜத்துல?" துப்பறிவாளர் ஒரு இடைவெளி விட்டார். அந்த இடைவெளியை அவர் வீட்டிலேயே ஒத்திகை பார்த்திருந்தார். "நிஜத்துல இடது கையில."

வடிவமைப்பாளரின் முகத்திலிருந்த நம்பிக்கை இறங்கிப்போனது. கோபப்படவில்லை, பரிதாபப்பட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"சார், ஒரு கண்ணாடியில பட்டாத்தான் மாறும். ரெண்டாவதுல பட்டா நேராயிடும். மூணாவதுல மறுபடி மாறும். தண்டவாளத்துல மூணு. கடைசியில சாய்வா ஒரு தட்டைக் கண்ணாடி இருக்கு பாருங்க, படத்தைப் பக்கவாட்டுல, படம் பிடிக்கிற சென்சாருக்குத் திருப்பி விடறதுக்கு. மொத்தம் நாலு. நாலு தடவை மாறினா நேராத்தான் இருக்கும். நாங்க கண்ணாடியை எண்ணாம வேலை செய்யறதில்ல."

"ஓ," என்றார் துப்பறிவாளர்.

"நல்ல ஓ அத்தான்," என்று மைத்துனி காதோடு சொன்னாள். "இதையும் ஒத்திகை பாத்தீங்களா?"

*

மெருகு அறையில் ஈர மாவு வாசனை அடித்தது. கணவர் ஒரு வட்டக் கண்ணாடியைச் சுழல் மேஜையில் வைத்து, உள்ளங்கையால் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் நுழைந்ததும் நிறுத்தவில்லை. இடது கையால்தான் தேய்த்தார், வலது மணிக்கட்டில் கடிகாரம். எதிர்ச் சுவரில், கண்ணுக்கு நேராக, அதே புகைப்படத்தின் ஒரு பிரதி ஆணியில் குத்தியிருந்தது. மனைவி செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டுப் போனதாம். அவர் எடுத்து மாட்டி வைத்திருக்கிறார்.

கல்நெஞ்சக்காரர் என்று துப்பறிவாளர் மனத்தில் குறித்துக்கொண்டார். மனத்தில் குறித்தவை அவருக்குப் பெரும்பாலும் தப்பாகவே போகும்.

"நோட்டை எடுத்தீங்களா?"

"இல்ல."

"கடிதம் வந்ததை ஏன் சொல்லல?"

"சொல்ல ஒண்ணும் இல்ல."

"நாலு மணிக்குக் கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"போடச் சொன்னா போடுவேன்."

"உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"கண்ணாடிமேல மூச்சு விடாதீங்க. ஈரம் படியும்."

துப்பறிவாளர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பின்னால் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது, மூடியில் பெரிய சக்கரத்தோடு. இடித்துக்கொண்டார்.

"அது என்னங்க?" என்று கேட்டாள் மைத்துனி. துப்பறிவாளர் முதுகைத் தடவிக்கொள்ள அவகாசம் கொடுப்பதற்காகத்தான் கேட்டாள்.

"பூச்சுப் பெட்டி. காத்தை எல்லாம் உறிஞ்சிட்டு உள்ள அலுமினியத்தைச் சூடாக்கினா, ஆவியாகிக் கண்ணாடிமேல படியும். அப்பத்தான் முகம் தெரியும். பழைய பூச்சு மங்கிட்டா கழுவிட்டுத் திரும்பப் போடணும்."

"ரொம்ப நேரம் ஆகுமா?"

"ஒரு நாள் பிடிக்கும். திங்கட்கிழமை முழுக்க அதுதான் வேலை. அந்தத் தட்டைக் கண்ணாடி மங்கிக் கிடந்துச்சு. காலையில கழட்டிட்டு வந்தேன். சாயந்தரம் கொண்டுபோய் மாட்டினேன்."

சுழல் மேஜை சுற்றிக்கொண்டே இருந்தது. துப்பறிவாளர் தடவுவதை நிறுத்தினார்.

"எந்தக் கண்ணாடி?"

"தட்டை. நாலாவது."

துப்பறிவாளர் நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தார். நடை வேகமாகி, தாழ்வாரத்தில் கிட்டத்தட்ட ஓட்டமாகி, தண்ணீர்த் தொட்டி அருகே மூச்சு வாங்கியதால் நின்றது.

"மூணு," என்றார். "திங்கட்கிழமை மூணுதான். ஒத்தைப்படை. நான் சொன்னதுதான் சரி."

"நீங்க சொன்னது தப்பான காரணத்துக்காகச் சரி."

"சரி சரிதானே."

"ஆனா மேடம் நாலுன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாங்களே. அவங்களுக்குத் தெரியாதா?"

துப்பறிவாளர் யோசித்தார். அவருடைய வீட்டில் மூன்று சாவி உண்டு. ஒன்று ஆறு மாதம் முன்பே தொலைந்துவிட்டது. யாராவது கேட்டால் இன்றைக்கும் அவர் மூன்று என்றுதான் சொல்வார். "பதினோரு மாசமா வரைபடத்துல நாலு. மனசுல நாலு. அன்னிக்கு ஒரு நாள் மூணா இருந்ததை மனசு எண்ணல. நீ கைப்பையில கண்ணாடி வச்சிருக்கியா?"

மைத்துனி பவுடர் டப்பாவைத் திறந்தாள். புகைப்படத்தை அதன் எதிரில் பிடித்தார்கள். சின்ன வட்டத்துக்குள் கை இடம் மாறியது. கடிகாரம் இப்போது இடது மணிக்கட்டில் இருந்தது.

"இடது கையில கடிகாரம்," என்றார் துப்பறிவாளர் வெற்றியோடு. அந்த வெற்றி அதிகம் நிலைக்கவில்லை. "அப்படின்னா ஊர்ல பாதிப் பேர்."

மைத்துனி டப்பாவை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், உங்க சட்டையில பட்டன் எந்தப் பக்கம்?"

துப்பறிவாளர் குனிந்து தம் வயிற்றைப் பார்த்தார். "வலது பக்கம். காஜா இடது பக்கம்."

"உள்ள வரும்போது எனக்குப் போடக் குடுத்தாங்களே, இந்தக் கோட்டுல?"

"எனக்கெப்படித் தெரியும்? ... இடது பக்கம்."

"ஆம்பளத் தையலும் பொம்பளத் தையலும் அங்கதான் மாறும். போட்டோவை நேரா பாத்தா அது ஆம்பள கோட்டு. திருப்பிப் பாத்தா..." டப்பாவை அவர் பக்கம் திருப்பினாள். "இது பொம்பள கோட்டு."

துப்பறிவாளர் சுவரில் சாய்ந்துகொண்டார். பட்டறையில் பெண்கள் இரண்டே பேர். "வரவேற்புல உக்காந்திருக்காங்களே, அவங்க. எனக்கு அப்பவே சந்தேகம். தண்ணி குடுக்கும்போது கை நடுங்குச்சு."

"நீங்க மூணாவது டம்ளர் கேட்டீங்க, அதுல நடுங்கியிருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல்னு ஒரு வாரம் லீவு போட்டு இன்னிக்குத்தான் வந்திருக்கேன்னு அவங்களே சொன்னாங்க. நீங்க தண்ணி குடிச்சிட்டு இருந்தீங்க."

"அப்போ மிச்சம்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூடத்தின் கதவைப் பார்த்தார்கள். உள்ளே வடிவமைப்பாளர் இரும்பு மேடையருகில் முக்காலியில் உட்கார்ந்து, வக்கீலுக்கான தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டில் கடிகாரம்.

அழைத்தவரே குற்றவாளி. எந்தத் துப்பறிவாளனும் ஆயுளில் ஒரு முறையாவது ஆசைப்படும் கட்டம். நம்முடைய துப்பறிவாளரோ சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். தன் நோட்டைத் தானே திருடிவிட்டு, அதைக் கண்டுபிடிக்க ஆள் வைப்பவர் யார்? அப்படியே வைத்தாலும், கொஞ்சம் சுமாரான ஆளைத்தான் தேடி வைத்திருப்பார் என்ற நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவில்லை.

"நம்மளை எதுக்குத் தேர்ந்தெடுத்தாங்கன்னு யோசிக்கிறீங்களா?"

"இல்ல."

"நானும் அதைத்தான் யோசிச்சேன். வாங்க, மத்த போட்டோவையும் பாக்கலாம். ஒண்ணையே கட்டிக்கிட்டு அழறோம்."

தாழ்வார பெஞ்சில் மைத்துனி அன்றைக்குப் பதிவான படங்களை வரிசையாகப் பரப்பினாள். அகலமாகத் தொடங்கி நெருங்கி, கையில் முடிந்து, மறுபடி விரிந்த படங்கள். திருட்டுக்கு ஒரு நிமிஷத்துக்குப் பிந்திய அகலமான படத்தில் கூடம் முழுவதும் தெரிந்தது. மேஜை, மூடிய கதவு, காலியான தரை. ஒரு ஜீவன் இல்லை.

"ஆள் எங்க போச்சு?" என்றார் துப்பறிவாளர்.

"அதை விடுங்க. ஓரத்தைப் பாருங்க. திருட்டுக்கு முன்னால எல்லாப் படத்துலயும் கீழ ஒரு விரல் அகலத்துக்கு இருட்டு. கை இருக்கிற படத்துலயும் இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு படம் வரைக்கும் இருக்கு. அப்புறம் இல்லவே இல்ல. படம் நட்ட நடுவுல, பளிச்சுனு."

"அதனால?"

"அதனால என்ன அத்தான், திருடன் நோட்டைத் திருடிட்டு, நேரா கேமராவுக்கு வந்து, அதைச் சரி பண்ணி வச்சிருக்கான். இவ்வளவு பொறுப்பான திருடனை நான் பாத்ததே இல்ல."

துப்பறிவாளர் மெதுவாகத் தம் குறிப்பேட்டைத் திறந்தார். 'எங்கேயும் போகவில்லை.' இரண்டு அடிக்கோடு. மைத்துனி தன்னுடையதைத் திறந்தாள். அதில் முழு வாக்கியமும் இருந்தது. முட்டுக் குடுக்க ஏதாவது எடுக்கறதுக்கு ஒண்ணு ரெண்டு தடவை எழுந்திருப்பேன்.

"முட்டு," என்றார் துப்பறிவாளர். அந்த வார்த்தை காலையிலேயே அவர் காதுக்குள் வந்திருந்தது. உள்ளே வழி தெரியாமல் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறது.

*

கூடத்தின் மூலையில், துணி போர்த்தி ஒதுக்கி வைத்திருந்தது ஒரு சின்ன இரும்புத் தாங்கி. தட்டைக் கண்ணாடி இல்லாத அன்று வெளிச்சம் பக்கவாட்டில் திரும்பாமல் நேராகப் போயிருக்கும். அதைப் பிடிக்க சென்சாரை நேர் எதிரில் கொண்டுவந்து இந்தத் தாங்கிமேல்தான் நிறுத்தியிருக்க வேண்டும். மைத்துனி துணியை விலக்கினாள். தாங்கியின் அடியில், நாலு கவ்விகளின் பிடியில், பழுப்பு அட்டை போட்ட ஒரு தடிமனான நோட்டு நசுங்கிக் கிடந்தது.

மணி மூன்று ஐம்பது. துப்பறிவாளர் நடுக் கூடத்துக்கு வந்து நின்றார். இந்தத் தருணத்துக்காக அவரிடம் ஒரு பேச்சு தயாராக இருந்தது. பல வருஷமாகப் பயன்படுத்தாமல் வைத்திருந்த பேச்சு. 'இந்த அறையில் இருப்பவர்களில் ஒருவர்' என்று அது தொடங்கும். அறையில் இருந்ததோ மூன்று பேர், அதில் இரண்டு பேர் துப்பறிகிறவர்கள்.

"மேடம்," என்றார். "இது உங்க நோட்டா?"

வடிவமைப்பாளர் எழுந்து வந்தார். கவ்விகளைத் தளர்த்தினார். நோட்டைத் திறந்தார். முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம். நோட்டோடு திரும்பி நடந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"பழைய நோட்டுன்னு நெனச்சேன். அவர் டஜன் கணக்குல ஒரே அட்டையா வாங்கிட்டு வருவார். போன வருஷத்து நோட்டும் அதே டிராயர்லதான் கிடக்கும். சென்சார் கொஞ்சம் தாழ்வா இருந்துச்சு. போய் ஒண்ணை உருவிட்டு வந்து..." அவர் நிறுத்தினார். "ஆனா அந்தக் கை?"

"வரைபடத்துல நாலு கண்ணாடி மேடம். அன்னிக்கு மூணு."

அவர் இரும்பு மேடையைப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒவ்வொன்றாக எண்ணினார். நாலாவதில் வந்து நின்றபோது முகம் வெளுத்தது.

"நான்தான் எடுத்தேன். எடுத்துட்டு அவரைத் திருடன்னு சொன்னேன். மூஞ்சிக்கு நேரா சொன்னேன்."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மூன்று நாளாக மூடியிருந்த நடுக் கதவு திறந்தது. கணவர் கை கழுவி, ஈரம் துடைத்து, கோட்டைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். தாழ்வாரத்துக் கதவு வழியாக வக்கீல், கையில் பேனாவோடு.

"எங்க போடணும்?" என்றார் கணவர்.

"நோட்டு கிடைச்சிடுச்சு," என்றார் மனைவி.

"சரி."

"நான்தான் எடுத்திருக்கேன். முட்டுக் குடுக்க. அது என் கைதான்."

"தெரியும்," என்றார் கணவர்.

துப்பறிவாளர் திரும்பினார். மைத்துனியும் திரும்பினாள். வக்கீலும், எதற்கென்று தெரியாமலே திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமை நீ போட்டோவை என் மேஜையில போட்டியே, அப்பவே தெரியும். சுண்டு விரல்ல ஒரு வளைஞ்ச தழும்பு இருக்கில்ல. பட்டறை ஆரம்பிச்ச வருஷம் கண்ணாடி உடைஞ்சு அறுத்துக்கிட்டது. கட்டுப் போட்டது நான்தானே. அதை எந்தப் பக்கம் திருப்பிக் காட்டினா என்ன."

தழும்பு. துப்பறிவாளர் அதைக் காலையில் பூதக்கண்ணாடி வைத்தே பார்த்திருந்தார். தாளில் விழுந்த கீறல் என்று நினைத்து நகத்தால் சுரண்டியும் பார்த்தார். மைத்துனி அவர் காதருகே வந்தாள்.

"அத்தான், மெருகு அறையில அத்தனை கேள்வி கேட்டோம். போட்டோ கண்ணு முன்னால சுவத்துல இருந்துச்சு. இது யார் கைன்னு ரெண்டு பேருமே கேக்கல."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டார் மனைவி.

"நீயே எடுத்து ஒளிச்சு வச்சுட்டு என்னைத் திருடன்ங்கறேன்னு நெனச்சேன். என்னை விட்டுப் போறதுக்கு ஒரு காரணம் தேடறேன்னு. போகணும்னு முடிவு பண்ணினவளை ஆதாரம் காட்டியா நிறுத்தறது?"

"அந்த லெட்டர்..."

"வரலைன்னு அன்னிக்கே பதில் போட்டுட்டேன். முடிஞ்சு போன விஷயம்னு சொல்லல."

"சொல்லியிருக்கலாம்."

"நீயும் கேட்டிருக்கலாம்."

"கேக்கறதுக்குப் பதிலா இவங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

எல்லோரும் துப்பறிவாளரைப் பார்த்தார்கள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வேறு எதுவும் அந்த நேரத்தில் செய்யத் தோன்றவில்லை.

"மூணு நாளா டீயில சர்க்கரை இல்ல," என்றார் கணவர், கொஞ்சம் கழித்து.

"வேணும்னுதான் போடல."

"குடிச்சேன்ல."

மனைவி எழுந்தார். வக்கீலுக்காக அடுக்கி வைத்திருந்த தாள்களை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். "திருடன்னு சொன்னது நான். அதனால நீங்கதான் சொல்லணும். போடணும்னா போடறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

கணவர் தாள்களை வாங்கவில்லை. நீட்டிய இடது கையைத்தான் பிடித்தார். மெருகு போட்ட கண்ணாடியின் விளிம்பைச் சோதிப்பவர் போலச் சுண்டு விரலை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். பார்த்த பிறகும் விடவில்லை. தாள்கள் இரண்டு பேரின் கைகளுக்கு நடுவில் கசங்கின.

"வக்கீல் சார்," என்றார், தலையைத் திருப்பாமலே. "இந்தக் கை இப்போதைக்குக் காலியா இல்ல."

வக்கீல் பேனாவை மூடினார்.

துப்பறிவாளர் வாயைத் திறந்தார். ஒற்றைப்படைக்கும் இரட்டைப்படைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் இன்னும் முழுதாக விளக்கவில்லை. பட்டனைப் பற்றியும் நிறைய பாக்கி இருந்தது. கேட்பதற்கு அந்தக் கூடத்தில் ஆள் இல்லை என்பது அவருக்கே புரிந்தது. மைத்துனி அவருடைய பையை எடுத்துக் கையில் கொடுத்து, முழங்கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

"வாங்க அத்தான். படியிறங்கும்போது எங்கிட்ட சொல்லுங்க. நான் கேக்கறேன்."